சின்னம்மாவும் அம்மாதான்



எங்கள் புளியங்கூடலில் ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு என்றால் ஆலாத்தி எடுக்க என்னையும் கூப்பிடுவார்கள். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. மணமாகி முப்பத்தெட்டு வருடங்கள். கணவர் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் நல்லபடியாக இருக்கிறார்கள். "ரீச்சரின்ர கை மங்களமான கை" என்று ஊரில் சொல்வார்கள். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இம்மாதம் எழுத நினைக்கிறேன். ஆனால் அதற்கு முதல் நீங்கள் என்னோடு கொஞ்சத் தூரம் யப்பானுக்கு வரவேண்டும். அங்கே எழுதப்பட்ட நான்கு கதைகள்தான் எனக்கு என் ஊரைக் காட்டின.

எங்கள் வாசிகசாலையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பெண்கள் கூடுகிறோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பவுசரில் குடிதண்ணீர் வரும் நாளென்றால் ஐந்து பேர்தான். சிலர் பனையோலையும் கையுமாக வந்து பெட்டி இழைத்தபடியே கேட்பார்கள். இருந்து வாசிக்க நேரமில்லாதவர்களே அதிகம். ஆகவே நான் வாசித்த கதையை வாயால் சொல்வேன். பிறகு எல்லோரும் கதைப்போம்.

சென்ற வருடத் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து என் பெறாமகள் வந்திருந்தாள். என் அக்காவின் மகள். வயது முப்பத்தேழு. நல்ல உத்தியோகம். கல்யாணம் செய்யவில்லை. வந்த நாள் தொடக்கம் எல்லோரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான். நானும் கேட்டேன். திரும்பிப் போகிற அன்று நான்கு புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டு, "சின்னம்மா, இதுகளை வாசியுங்கோ. வாசிச்சு முடிச்சாப் பிறகும் கேக்கவேணும்போல இருந்தால் ரெலிபோன் எடுத்துக் கேளுங்கோ" என்றாள். நான்கும் யப்பானியப் பெண்கள் எழுதிய நாவல்கள், ஆங்கில மொழிபெயர்ப்பில்.

யப்பான் என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது வாகனங்களும் தையல் மெசினும் ஹிரோஷிமாவும்தான். அவ்வளவு முன்னேறிய நாட்டிலும் ஒரு பெண்ணைப் பார்த்து "கல்யாணம் எப்ப? பிள்ளை எப்ப?" என்று கேட்கிறார்கள் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. சென்ற மாதக் கூட்டத்தில் அந்தக் கதைகளைத்தான் சொன்னேன்.

முதலாவது யூக்கோ சுஷிமா எழுதியது. 'ஒளியின் பிரதேசம்' என்று பொருள்படும் பெயர். 1978, 1979ஆம் ஆண்டுகளில் ஒரு மாத சஞ்சிகையில் பன்னிரண்டு அத்தியாயங்களாக வந்த கதை. கணவனைப் பிரிந்த இளம் தாய் ஒருத்தி தன் சின்ன மகளோடு ரோக்கியோவில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் குடியேறுகிறாள். நாலு பக்கமும் யன்னல், நிறைய வெளிச்சம். அவளுக்கு ஒரு வானொலி நிலையத்தின் நூலகத்தில் வேலை. பிள்ளை இரவில் வீரிட்டு அழுகிறது. மொட்டைமாடித் தண்ணீர்த்தாங்கி ஒழுகினால் கீழே உள்ளவர்கள் வந்து கேட்பது இவளைத்தான். பிள்ளை வண்ணத்தாள்களை யன்னலால் பக்கத்துக் கூரையில் எறிய, அதற்கும் முறைப்பாடு. இந்தத் தாய் தெய்வமில்லை. களைத்துப்போகிறாள். பிள்ளையில் எரிந்து விழுகிறாள். சில இரவுகளில் குடிக்கவும் செய்கிறாள். ஆனால் விடிந்ததும் எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறாள்.

எழுதியவரே தகப்பனில்லாமல் வளர்ந்தவர். அவருடைய தகப்பன் ஒசாமு தசாய் என்ற பெரிய எழுத்தாளர், 1948இல், மகளுக்கு ஒரு வயதாக இருக்கையில், உயிரை மாய்த்துக்கொண்டார். யூக்கோ சுஷிமாவும் மணமுறிவுக்குப் பிறகு பிள்ளையைத் தனியே வளர்த்தவர். 2016இல் காலமானார்.

இதைச் சொல்லி முடித்தபோது, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்த ஒரு தங்கச்சி கேட்டாள்: "அம்மா களைச்சுப் போறா எண்டு புத்தகத்தில எழுதலாமோ ரீச்சர்?" எழுதியிருக்கிறார்களே என்றேன். "எங்களைப் பற்றி எழுதிறவை எல்லாரும் நாங்கள் அழுகிறம் எண்டுதான் எழுதினவை. களைச்சுப் போறம் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை" என்றாள்.

இரண்டாவது சயாக்கா முராத்தா எழுதியது. யப்பானின் மதிப்புமிக்க அக்குத்தாகாவா பரிசை 2016இல் பெற்றது. கெய்க்கோ என்ற முப்பத்தாறு வயதுப் பெண் இருபத்துநான்கு மணித்தியாலமும் திறந்திருக்கும் ஒரு கடையில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறாள். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். கல்யாணமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம். ஆனால் கூடப்பிறந்த தங்கச்சியும் சினேகிதிகளும் அவளைத் திருத்தவேண்டிய ஒரு பிழையாகவே பார்க்கிறார்கள். தொல்லை தாங்காமல் ஓர் உதவாக்கரை ஆணை வீட்டில் கொண்டுவந்து வைக்கிறாள். அவன் வேலைக்குப் போவதில்லை, இவள் உழைப்பில் சாப்பிடுகிறான். ஆனாலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. "ஒரு ஆம்பிளை இருந்தால் சரி" என்று எங்கள் ஆச்சிமார் சொல்வதுதான் அங்கேயும்.

மூன்றாவது எமி யாகி 2020இல் எழுதியது. கடதாசிக் குழாய் செய்யும் கம்பனியில் ஷிபாதா என்ற பெண்ணுக்கு வேலை. அந்தப் பகுதியில் அவள் ஒருத்திதான் பெண். அதனால் கோப்பி போடுவதும் கோப்பை கழுவுவதும் அவள் தலையில். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "நான் கர்ப்பமாக இருக்கிறேன், கோப்பி மணம் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பொய் சொல்கிறாள். அன்றிலிருந்து எல்லோரும் மரியாதையாக நடக்கிறார்கள். நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அவளும் மாதக்கணக்காக அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறாள். எங்கள் கூட்டத்தில் இதற்கு எழுந்த சிரிப்பு றோட்டுவரை கேட்டிருக்கும். ஆனால் சிரித்து முடிய ஒருவர் சொன்னார்: "அப்ப அவளுக்கெண்டு ஒரு மரியாதை இல்லை. வயித்துக்குத்தான் மரியாதை."

நான்காவது ஒசாகாவில் பிறந்த மியெக்கோ கவகாமி எழுதியது. இவர் எழுதி 2008இல் பரிசு பெற்ற ஒரு குறுநாவலை விரித்து 2019இல் பெரிய நாவலாக வெளியிட்டார். அதில் அக்கா மக்கிக்கோ ஒரு மதுச்சாலையில் வேலை செய்து மகளைத் தனியே வளர்க்கிறாள். மகள் தாயோடு பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக் காட்டுகிறாள். தங்கச்சி நத்சுக்கோ ஓர் எழுத்தாளர். தனியாக வாழ்கிறாள். முப்பத்தெட்டு வயதில் அவளுக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை வருகிறது. கணவன் வேண்டாம், பிள்ளை வேண்டும். வைத்தியமுறையில் யாரோ ஒருவரின் விந்தைப் பெற்றுப் பிள்ளை பெறலாமா என்று தேடுகிறாள். அப்படிப் பிறந்து, தன் தகப்பன் யாரென்று தெரியாமல் தவிக்கும் ஒருவரையும் சந்திக்கிறாள். இந்த உலகத்துக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவருவதே பாவம் என்று சொல்லும் ஒரு பெண்ணையும் சந்திக்கிறாள். அந்தப் பெண் சிறுவயதில் வளர்ப்புத் தகப்பனால் வதைபட்டவள். இத்தனையையும் கேட்டு, யோசித்து, கடைசியில் நத்சுக்கோ ஒரு பெண்பிள்ளையைப் பெறுகிறாள்.

இந்த இடத்தில்தான் வாக்குவாதம் தொடங்கியது. யுத்தத்தில் கணவனை இழந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஓர் அக்கா சொன்னார்: "புருசன் இல்லாமல் பிள்ளை வளக்கிறது என்னெண்டு எங்களிட்டைக் கேட்டால் சொல்லுவம். அவை ஏன் காசு குடுத்து அந்தக் கஷ்ரத்தை வாங்கீனம்?" இன்னொருத்தி, "இது வயிறு நிறைஞ்ச ஆக்களின்ர பிரச்சினை" என்றாள்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யப்பானில் இது லேசான விடயமில்லை. அங்கே பிறக்கும் நூறு பிள்ளைகளில் மணமாகாத பெண்ணுக்குப் பிறப்பது ஏறக்குறைய இரண்டு மட்டுமே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரசாங்கப் பதிவேடு உண்டு. யார் யாருக்குப் பிறந்தவர் என்பது அதில் இருக்கும். மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் மற்றப் பிள்ளைகளின் பங்கில் பாதிதான் என்று ஒரு சட்டம் இருந்தது. அது பிழை என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 2013 செப்ரெம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மாறியது. பெற்ற குடும்பத்தோடு சட்ட உறவை முற்றாக முடித்து ஒரு பிள்ளையைச் சொந்தப் பிள்ளையாக எடுக்கும் விசேட தத்தெடுப்பு, அங்கே மணமான தம்பதிக்கு மட்டுமே. தனித்த பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை.

இவற்றை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது, பின்வாங்கிலில் இருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ரீச்சர், அந்தப் பிள்ளை பெரிசாகி, சாமத்தியச் சடங்கு செய்தால் ஆர் ஆலாத்தி எடுக்கிறது?"

"யப்பானில ஆலாத்தியோ!" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவர் அதை யப்பானைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தீவக மக்கள் 1990இல் ஊரை விட்டு ஓடியபோது அவர் சிறுபிள்ளை. குடும்பம் பல இடம் அலைந்து கடைசியில் வன்னிக்குப் போனது. 2009இல் அவருடைய அக்காவும் அத்தானும் ஷெல்லில் போய்விட்டார்கள். அக்காவின் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அந்தப் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு வெளியே வந்தவர் இவர்தான். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு அடுத்த வருடம் ஊருக்கு வந்தார். உடைந்த வீட்டின் ஓர் அறையைத் திருத்தி, தையல் மெசின் ஒன்றோடு சீவியத்தைத் தொடங்கினார். வயது இருபத்தொன்பது. கல்யாணம் பேசி வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர், "பிள்ளையை ஒரு இல்லத்தில விட்டிட்டு வந்தால் சரி" என்றாராம். இவர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஒருவரும் பேசி வரவில்லை.

2019இல் அந்தப் பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. ஆறு மாதம் இரவிரவாகத் தைத்துச் சேர்த்த காசில் செய்தது. வழமைபோல என்னைக் கூப்பிட்டார். மனையில் பிள்ளையை இருத்தி, நிறைகுடம் வைத்து, ஆலாத்தித் தட்டை எடுக்கும் நேரம் அவர் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவர் காதுக்குள் சொன்னேன்: "நீர் உள்ளுக்கு நிண்டு பலகாரத் தட்டுகளைப் பாரும் பிள்ளை. இதைக் கட்டின ஆக்கள் செய்யட்டும்." அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மனையிலிருந்த பிள்ளையின் கண் அவரைத் தேடியது. "நேர பாரம்மா" என்று பிள்ளைக்கும் சொன்னேன்.

இதை நான் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் இதில் பயங்கரம். நல்லது என்று நினைத்தே செய்தேன். அந்தப் பிள்ளைக்கு எந்தக் குறையும் வரக்கூடாது என்று செய்தேன். இரண்டு வயதிலிருந்து குளிப்பாட்டி, ஊட்டி, காய்ச்சலில் விழித்திருந்த கையைவிட, வருடத்தில் இரண்டுமுறை கண்டு கதைக்கும் என் கை அந்தப் பிள்ளைக்கு நல்லது என்று நானே நம்பினேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. எங்கள் மொழியில் இதைப் பற்றி எழுதியவர்கள் இல்லையா என்று பழைய புத்தகங்களைக் கிண்டினேன். யப்பானுக்குப் போகத் தேவையே இல்லை. தெல்லிப்பழை மங்களநாயகம் தம்பையா 1914இலேயே 'நொறுங்குண்ட இருதயம்' நாவலில், ஊர் மெச்ச நடந்த ஒரு கல்யாணத்துக்குள் ஒரு பெண் படும் துன்பத்தை எழுதிவிட்டார். கல்யாணம் நடந்தால் எல்லாம் சரி என்ற நினைப்பை அவர் அன்றே கேள்வி கேட்டார்.

ஜெயகாந்தன் 1966இல் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' உங்களில் பலருக்குத் தெரியும். மழைநாளில் காரில் ஏற்றப்பட்டுக் கெடுக்கப்பட்ட மகள் வீட்டுக்கு வருகிறாள். விதவைத் தாய் முதலில் அடிக்கிறாள். பிறகு அவள் தலையில் தண்ணீர் வார்த்து, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே எடுக்கிறாள். வாசகர்களுக்கு அது பொறுக்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையே அவர் பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாக எழுதினார். 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. 1977இல் படமாகவும் வந்து லட்சுமிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. நாவலில் வரும் கங்கா படித்து, நல்ல உத்தியோகம் பார்த்து, மணமாகாமல் வாழ்கிறாள். எவ்வளவு உயர்ந்தாலும் ஊர் அவளுக்குப் பழைய பெயரைத்தான் வைத்திருக்கிறது. நான் திரும்ப வாசித்தபோது கண்ணில் பட்டது வேறொன்று. முதற்கதையில் மகளுக்குத் தண்ணீர் வார்த்த கை ஒரு விதவையின் கை. அதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அம்பை 1970களில் எழுதிய 'அம்மா ஒரு கொலை செய்தாள்' சிறுகதையில், தாய் வீட்டில் இல்லாத நேரம் ஒரு சிறுமி பெரியபிள்ளையாகிறாள். அம்மா வந்து அணைப்பாள் என்று காத்திருக்கிறாள். அம்மா வந்து சொல்லும் ஒரு சொல் பிள்ளையின் மனதைக் கொன்றுவிடுகிறது. அந்தத் தாயும் கெட்டவளில்லை. உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு வந்த கல்யாணம் குழம்பிப்போன துயரத்தோடு வந்தவள். ஊர் அவள்மேல் வைத்த பாரத்தை அவள் பிள்ளைமேல் இறக்கினாள். எங்கள் நாட்டிலும் ஏறாவூர் ஸர்மிளா ஸெய்யித் 'உம்மத்' நாவலில், யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய பெண்கள் சொந்த ஊரிலேயே அந்நியராகும் நிலையை எழுதியிருக்கிறார்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் பெண்ணை வாசலில் மறித்து நிற்பது சட்டமோ பொலிசோ இல்லை. ஒரு தாய், ஒரு பெரியம்மா, ஒரு பக்கத்துவீட்டு அக்கா. எங்கள் ஊரில் அது நான்.

அடுத்தநாள் காலை அவருடைய வீட்டுக்குப் போனேன். பாடசாலைச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, அண்டைக்கு நான் செய்தது பிழை" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. மெசினை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அது போகட்டும் ரீச்சர். எனக்கு அதைவிட ஒண்டு மனசில கிடக்குது. ஊரில எல்லாரும் என்னைத் தியாகி எண்ணீனம். அக்காவின்ர பிள்ளைக்காக வாழ்க்கையைத் துலைச்சவள் எண்ணீனம். பிள்ளைக்கு முன்னாலயும் சொல்லீனம். அவளும் தன்னாலதான் சின்னம்மா கெட்டுப்போனா எண்டு நினைக்கிறாள். நான் ஒண்டையும் துலைக்கேல்லை. எனக்குப் பிள்ளை வேணுமெண்டுதான் வச்சிருந்தனான். அந்த யப்பான்காரி மாதிரித்தான்."

சகோதரிகளே, பதினாறு வருடமாக அவரைக் காண்கிறேன். "உமக்கு என்ன விருப்பம்?" என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. தியாகி என்று சொன்னால் பாராட்டிவிட்டோம் என்று நினைக்கிறோம். ஆனால் தாய் என்று சொல்லாமல் தப்புவதற்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். தியாகிக்கு மாலை போட்டு ஒரு பக்கம் இருத்திவிடலாம். தாய்க்கு உரிமை கொடுக்கவேண்டுமே.

இத்தனைக்கும் எங்கள் மொழி எப்போதோ அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. யப்பானிய மொழியில் தாயின் தங்கைக்கும் தகப்பனின் தங்கைக்கும் தெருவில் போகும் நடுவயதுப் பெண்ணுக்கும் கூப்பிடும் சொல் ஒன்றுதான். எங்களுக்கு அப்படியில்லை. தாயின் தங்கை சின்னம்மா. அக்காவின் மகள் பெறாமகள். பெறாவிட்டாலும் மகள். அம்மா என்ற சொல்லும் மகள் என்ற சொல்லும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நாங்கள் வாயால் கூப்பிடுகிறோம், மனையடியில் மறுக்கிறோம்.

சட்டமும் கதவை அடைக்கவில்லை. எங்கள் நாட்டில் பிள்ளைகளை மகவேற்பது பற்றிய 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி மணமாகாத பெண்ணும் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். வயது பற்றிய நிபந்தனைகள் உண்டு. பிள்ளை வளர்ந்தபின் வழி அடைபட்டுவிடும். ஆகவே உங்களில் யாராவது சகோதரியின் பிள்ளையையோ உறவுப் பிள்ளையையோ வளர்ப்பவராக இருந்தால், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்கள உத்தியோகத்தரிடமோ காலத்தோடு கேளுங்கள். பாடசாலை அனுமதி, சத்திரசிகிச்சைக்குக் கையொப்பம், கடவுச்சீட்டு என்று வரும்போது அந்தக் கடதாசி எவ்வளவு உதவும் என்பது கடதாசி இல்லாமல் அலைந்தவர்களுக்குத் தெரியும்.

கல்யாணமும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று இருப்பவர்களையும் மறக்கக்கூடாது. எழுத்தாளர் ஆர். சூடாமணி மணமுடிக்காமலே வாழ்ந்து 2010இல் காலமானார். தாய் மகள் உறவை அவரளவு நுணுக்கமாக எழுதியவர்கள் குறைவு. தன் சொத்தைத் தரும நிறுவனங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடைய வாழ்க்கை குறைப்பட்ட வாழ்க்கை என்று யாரால் சொல்லமுடியும்?

கணவன் காணாமல் ஆக்கப்பட்ட சகோதரிகளின் நிலை இன்னும் சிக்கலானது. எங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். பொட்டு வைக்கிறார். ஆனால் கல்யாண வீட்டுக்குத் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வருவார். முன்னே வந்தால் யாராவது ஒதுங்கச் சொல்வார்கள் என்று அவராகவே ஒதுங்கிவிடுகிறார். இறந்தார் என்றும் இல்லாமல், இருக்கிறார் என்றும் இல்லாமல், ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்று சான்றிதழ் கொடுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அரசாங்கம்கூட மூன்றாவதாக ஒரு கடதாசியைக் கண்டுபிடித்துவிட்டது. எங்கள் சபையில் இன்னும் மூன்றாவதாக ஓர் இருக்கை இல்லை.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இரண்டு கிழமைக்கு முன் அயலில் ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. தகப்பன் 2009இல் உடம்பில் ஷெல் துண்டு ஏறி, அதோடு பல வருடம் கஷ்டப்பட்டு, நான்கு வருடத்துக்கு முன் காலமானவர். தாய் என்னைக் கூப்பிட வந்தார். "வாறன். ஆனால் நீர் எடுத்தால்தான் நானும் தட்டைத் தொடுவன்" என்றேன். அவர் பயந்துபோனார். "வேண்டாம் ரீச்சர். ஆரும் ஏதும் சொல்லுவினம் எண்டு இல்லை. என்ர கை பட்டுப் பிள்ளைக்கு ஏதும் வந்திட்டால்?"

ஊர்ப்பேச்சுக்குப் பயந்தால் பதில் சொல்லியிருப்பேன். தன் கைக்கே பயப்படும் ஒரு தாய்க்கு நான் என்ன சொல்ல? "டெங்கு வந்து பிள்ளை ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் ஆற்ற கை நெத்தியில இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். பிள்ளையின் மாமனும் பக்கத்தில் நின்றார். "அக்கா எடுக்கட்டும்" என்றார்.

அன்று தாயும், நான் முன்பு உள்ளே அனுப்பிய அந்தச் சின்னம்மாவும் சேர்ந்து முதல் ஆலாத்தி எடுத்தார்கள். தாயின் கை நடுங்கியது. சின்னம்மா தட்டின் மறுபக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் உள்ளே நின்று பலகாரத் தட்டுகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் இது பிடித்தது என்று எழுதமாட்டேன். ஒரு பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேர் சாப்பிடாமல் போனார்கள். ஆனால் சடங்கு குழம்பவில்லை. பிள்ளை சுகமாகப் பாடசாலைக்குப் போகிறாள். இப்போது பதினெட்டு வயதாகி, உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் அந்தப் பெறாமகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சடங்கு முடிந்து வீட்டுக்குப் போகும்போது சின்னம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

அன்றிரவு ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "என்ன சின்னம்மா, புத்தகம் வாசிச்சு முடிஞ்சுதோ? கேக்கப்போறியளோ?" என்றாள் என் பெறாமகள். "சாப்பிட்டியோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்" என்றேன். கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தாள். இவ்வளவு காலமும் அந்த ஒரு கேள்வியால் எத்தனை கதையைக் கேட்காமல் விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

சகோதரிகளே, உங்கள் ஊரில் ஆலாத்தித் தட்டுக்கு வெளியே நிற்கும் தாய் யார்? அவரிடம் யாராவது விருப்பம் கேட்டிருக்கிறார்களா? அந்தத் தாய் நீங்களாகவே இருந்தால், உங்களுக்கு என்ன வேண்டும்? எங்களுக்கு எழுதுங்கள். பெயர் போட விரும்பாவிட்டால் போடமாட்டோம். வரும் கடிதங்களை எங்கள் வாசிகசாலைக் கூட்டத்தில் வாசிப்போம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.